படலை இல்லாத தெரு

கார்க் கண்ணாடியில் என் மூச்சுப் படிந்து மகள் மறைந்துபோகிறாள். கையுறையால் துடைத்தால் மறுபடி வருகிறாள். பனி ஒதுக்கிய நடைபாதையில் வோட்டுக் கேட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறாள், நீலக் குளிர்ச்சட்டை, தலையில் தொப்பி இல்லை, சொன்னால் கேட்கமாட்டாள், தொப்பி போட்டால் முகம் தெரியாது அப்பா, முகம் தெரியாத ஆளுக்கு ஆர் கதவு திறப்பினம் என்று காலையில் கேட்டாள். மணியை அழுத்துகிறாள். அழுத்தியதும் கொஞ்சம் பின்னுக்கு வந்து, கைகள் இரண்டையும் பைகளிலிருந்து வெளியே எடுத்து, உள்ளே இருப்பவர்கள் பார்க்கும்படி தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிறாள். எல்லா வீட்டு வாசலிலும் இப்படித்தான். இதை யார் சொல்லிக்கொடுத்தது, கட்சிக்காரரா, இல்லை பட்டாளத்தில் பழகியதா? நானும் ஒரு காலத்தில் கைகளை அப்படி விரித்துக்கொண்டு நின்றவன்தான். அது வாசலில் அல்ல, ஊரில் ஆமி மறிக்கிற சந்தியில், மண்மூட்டைகளுக்கு முன்னால், சைக்கிளை விட்டு இறங்கி. என் கை வெறுங்கை என்று நான் காட்டியது என் பயத்தில். இவள் காட்டுவது மற்றவர்கள் பயப்படக் கூடாது என்று. கை ஒன்றுதான், விரிப்பும் ஒன்றுதான். எனக்குப் பிறந்த பிள்ளைக்கு இந்த நேர் முதுகு எங்கேயிருந்து வந்தது? அவள் தாய் கோமளாவின் பக்கத்திலும் இல்லை, என் பக்கத்திலும் இல்லை, நாங்கள் எல்லோரும் கொஞ்சம் குனிந்து நடக்கிற ஆட்கள். கதவு திறக்கிறது. ஒரு வெள்ளைக்காரக் கிழவி. மகள் சிரிக்கிறாள், கிழவி ஏதோ சொல்லிக் கையைப் பிடித்துக்கொள்கிறாள், விடமாட்டேன் என்கிறாள். முன்பின் தெரியாத கை என் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. நான் காருக்குள் இருந்து பார்க்கிறேன், கண்ணாடியை மறுபடி துடைக்கிறேன்.

புல்வெளி தெரியாமல் மூடிய பனிக்குள் தேர்தல் பெயர்ப்பலகைகளை நட்டு வைத்திருக்கிறார்கள். டொக்டர் தர்மினி குலவீரசிங்கம். குலவீரசிங்கம் நான். இந்த நாட்டுக்கு வந்து இறங்கிய அன்று விமான நிலையத்தில் அந்தப் பெயரை வாசிக்கத் தொடங்கிய அதிகாரி பாதியில் நிறுத்தித் தண்ணீர் குடித்தான். பெட்டி செய்கிற தொழிற்சாலையில் மேற்பார்வைக்காரனுக்கு நான் கூல். ஓய்வு பெறும்வரை கூல்தான், விடைபெறும் நாளில் வெட்டிய கேக்கிலும் கூல்தான். இன்றைக்கு அந்தப் பெயர் முழுதாக, ஒரு எழுத்தும் குறையாமல், ஆங்கிலத்திலும் தமிழிலும், பனியில் நின்றுகொண்டிருக்கிறது. பாராளுமன்றத்துக்கு. போன கிழமை விடிய எழும்பி ஒருவருக்கும் சொல்லாமல் எங்கள் வீட்டு முன்னால் இருந்த பலகைக்குப் போய் அதன்மேல் கிடந்த பனியைத் தட்டிவிட்டேன். தட்டிவிட்டு அந்த எழுத்துகளைத் தொட்டுப் பார்த்தேன். பெயரைச் சுருக்கச் சொன்னார்கள். அவளுக்காக வேலை செய்கிற ஜெரோம்தான் சொன்னவன், நல்ல பெடியன், குருநகர்ப் பக்கத்து ஆட்கள். "அக்கா, தர்மினி குலம் எண்டு போடுவம், வாயில நிக்கும்." அவள் சிரித்தாள். "என்ர அப்பாவை அரைவாசியா வெட்டச் சொல்லுறியோ, ஜெரோம்?" பிறகு அவன் தயங்கித் தயங்கி இன்னொன்று சொன்னான். ஆங்கிலத் துண்டுப்பிரசுரத்தில் பட்டாளத்து டொக்டர் என்று இருக்கட்டும், வெள்ளைக்காரருக்குப் பிடிக்கும், தமிழில் வெறும் டொக்டர் என்று விடுவோம், எங்கட சனத்துக்கு ஆமி எண்டால் தெரியும்தானே அக்கா. நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவன் சொல்வது சரி என்றுதான் எனக்கும் பட்டது. அவள் தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "ரெண்டிலயும் போடு. ஒரு பாஷையில ஒரு ஆளாவும் மற்றப் பாஷையில வேற ஆளாவும் என்னால நிக்கேலாது" என்றாள். ஆமி டொக்டர் என்றே போட்டார்கள். அந்தத் தாள்தான் இப்போது என் மடியில் கட்டாக இருக்கிறது, குப்புறத்தான் வைத்திருக்கிறேன்.

அவள் போகிறாள், அடுத்த வீடு. அதற்கு அடுத்தது. தெரு வளைந்து முடிகிற இடத்தில் பச்சைக் கதவு. நான் பார்க்காமல் இருக்கப் பார்க்கிறேன், கண் அங்கேயே போகிறது. அது மங்கை அக்காவின் வீடு. மகளுக்கு அவ மாமி. காலையில் தேத்தண்ணி குடிக்கும்போது சாதாரணமாகச் சொன்னாள், இண்டைக்கு மாமியின்ர தெரு, நீங்கள்தான் கார் ஓட்டோணும். நான் கோப்பையை வைத்துவிட்டேன். "அவ திறக்கமாட்டா, பிள்ளை. ஒரு வோட்டு. விடு." "வோட்டு எனக்குத் தேவையில்லை, அப்பா. ஊரெல்லாம் கதவு தட்டிப்போட்டு, என்னைத் தூக்கி வளர்த்த வீட்டைத் தாண்டிப் போனால் நான் ஆருக்கு நிக்கிறன்?" நான் கார்ச் சாவியை எடுத்தேன். எத்தனையோ வருஷமாக நான் கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் இந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போகிறவன். திறக்காவிட்டால் அவள் தாங்குவாள், அவள் தாங்காதது எது. எனக்குத்தான் ஏலாது. அந்தக் கதவுக்கு முன்னால் இந்தப் பிள்ளை கைகளை விரித்துக்கொண்டு நிற்பதையும் கதவு அப்படியே இருப்பதையும் நான் இந்தக் கண்ணாடிக்குள்ளால் பார்க்கவேண்டும். மூச்சு மறுபடி படிகிறது. துடைக்காமல் விடலாமா என்று ஒருகணம். துடைத்தேன்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒரே நிலக்கீழ் வீட்டில் இரண்டு குடும்பமும் இருந்தோம். கோமளாவும் நானும் தொழிற்சாலைக்குப் போக, தர்மினி, எங்களுக்கு மினி, மங்கை அக்காவிடம். மினி நடக்கப் பழகியது அக்காவின் சேலைத் தலைப்பைப் பிடித்து. தலைப்பை இழுத்து இழுத்து நடப்பாள், அக்கா மெல்ல மெல்லப் பின்னுக்குப் போவா, எங்களுக்கு அந்தக் காட்சி காணக் கிடைக்காது, வேலை முடிந்து வந்தால் அக்கா நடித்துக் காட்டுவா. சோறு தீத்தும்போது ஒரு வாய் மினிக்கு, ஒரு வாய் சுதாவுக்கு என்று சொல்லுவா. சுதாவின் வாயை யன்னலைப் பார்த்து நீட்டிவிட்டுத் தானே சாப்பிடுவா. சுதாகரன் அவவின் மகன், படத்தில் மட்டும் இருந்தான், அரும்பு மீசையோடு. ஊரில் ஒரு விடியற்புறம் ஆமிக்காரர் கொண்டுபோனார்கள், பிறகு ஒன்றுமில்லை. கதவைத் தட்டினார்கள் என்று அக்கா சொல்லுவா. அதற்கு மேல் அவ சொல்லுவது அவர்களின் கால் சப்பாத்தைப் பற்றித்தான். முதல்நாள் வெள்ளிக்கிழமை, சாமியறையைக் கழுவித் துடைத்துவிட்டுப் படுத்தாவாம். சப்பாத்தோடு சாமியறை வரைக்கும் போனார்கள். பிள்ளையைக் கொண்டுபோன பிறகு அந்த அடிகளைத் துடைக்கவா விடவா என்று தெரியாமல் அன்றைக்கு முழுக்க அந்த வாசலில் இருந்தாவாம். துடைத்தால் அவன் வீட்டில் இருந்த கடைசி நேரமும் போய்விடும் என்று. இதை அவ எனக்குச் சொன்னபோது மினி அவவின் மடியில் நித்திரை. அந்தக் குழந்தை வளர்ந்து, படிக்கிற செலவு முழுக்கப் பட்டாளம் கட்டும், படித்து முடித்து அங்கே வேலை செய்தால் போதும் என்று வந்து சொன்ன நாள், கோமளா அழுதாள், மங்கை அக்கா சோற்றுக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இந்தக் கையால தீத்தின வாயடி அது" என்று மட்டும் சொன்னா. பிறகு இந்தத் தெருவில் வீடு வாங்கிப் போனார்கள். பச்சை வர்ணம் அடித்தார்கள். அக்காவின் கணவரும் செத்துப்போனார். இப்போது அக்கா தனிய.

நான் மட்டும் என்ன. மினி முதல்தரம் சீருடை போட்டு வந்த நாள், பெரிய மைதானம், வாத்தியம் அடித்தார்கள், கோமளா பட்டுச்சேலைக்கு மேல் என் குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றாள். கூட்டம் கலைந்து சீருடைக்காரர் எங்கள் பக்கம் வந்தார்கள். ஒருத்தி நேரே என்னை நோக்கி வருகிறாள், சப்பாத்துச் சத்தம், தொப்பி நிழல் கண்ணை மறைக்கிறது. என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. கார் ஓட்டும் அனுமதி அட்டையை எடுத்து, படம் தெரியும் பக்கம் மேலே வர, இரண்டு கையாலும் நீட்டினேன். பெற்ற பிள்ளைக்கு. "அப்பா?" என்றாள். கோமளா என் முழங்கையை இடித்தாள். மினி அட்டையை வாங்கி, நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்து, படத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சரி, ஐயா போகலாம்" என்று திருப்பித் தந்து நெற்றியில் கைவைத்துச் சல்யூட் அடித்தாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் வாழ்க்கையில் எத்தனை சந்திகளில் அந்தச் சொல்லுக்காக வியர்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். போகலாம். அதைச் சொல்லுகிற அதிகாரம் உள்ள வாய் என் வீட்டில் முளைத்திருக்கிறது, அதற்கு அந்தச் சொல்லின் பாரமே தெரியவில்லை. எனக்குக் கால் நடுங்கியது. அது பயம்தானா என்று இன்றைக்கும் நிச்சயமாகச் சொல்லமாட்டேன். கோயிலில் திரை விலகும்போதும் அப்படித்தான் நடுங்குகிறது.

சத்தம் கேட்டுத் திரும்பினால் எதிர்வரிசையில் ஒரு தமிழ் வீடு, சாரத்துக்கு மேல் குளிர்ச்சட்டை போட்ட மனிதர் ஒருவர் மகளைக் கண்டு வெளியிலேயே வந்துவிட்டார். நான் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்குகிறேன். "பாராளுமன்றம் எல்லாம் இருக்கட்டும் தங்கச்சி, இந்த வாசல் பனியை அள்ளுவிக்க ஏலுமோ? அள்ளுவிச்சால் வீட்டில உள்ள எல்லா வோட்டும் உங்களுக்கு." "அது மாநகரசபை வேலை, அண்ணை. சொல்லிப்போட்டுப் போறன்." "எல்லாரும் மற்றவன்ர வேலை எண்டுதான் சொல்லுறியள். அது சரி, நீங்கள் டொக்டர்தானே, உந்த முழங்கால் ஒருக்கா பாருங்கோ." சாரத்தை உயர்த்திவிட்டார். அவள் அந்தக் குளிரில் குந்தி, கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றி, முழங்காலைப் பிடித்து அசைத்துப் பார்க்கிறாள். "அண்ணை, வோட்டுக் கேக்க வந்த நாளில வைத்தியம் பார்க்கிறது சரியில்லை. வீங்கியிருக்கு, உங்கட டொக்டரிட்ட நாளைக்கே போங்கோ. எனக்கு வோட்டுப் போடாட்டியும் போங்கோ." அவர் தாளைத் திருப்பிப் பார்க்கிறார். "ஆமியோ?" முகம் மாறுகிறது. "ஓம் அண்ணை. காயம் கட்டுறது." அவர் அவளை மேலும் கீழும் பார்த்து, சாரத்தை இறக்கி, "ம்" என்கிறார், அவ்வளவுதான். தாளை மடித்து உள்ளே கொண்டுபோகிறார், கிழிக்கவில்லை. கைவிரல்கள் சிவந்துபோய் அவள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். அந்த விரல்கள். பட்டாளத்தோடு ஆப்கானிஸ்தானுக்குப் போய் வந்தபிறகு ஒருநாள் கேட்டேன், அங்கே என்ன செய்தாய் பிள்ளை என்று. ஒரு கிழவரின் தொடையில் அறுந்த இரத்தக்குழாயை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஹெலிகொப்டரில் போனேன், இறங்கும்வரைக்கும் விரலை எடுக்கவில்லை என்றாள். அவர் ஆர், எந்தப் பக்கம் என்று கேட்டேன். "தெரியாது அப்பா. கேக்கேல்லை." கேட்கவில்லை. நாங்கள் ஆளைக் கண்டதும் முதலில் கேட்கிறது அதைத்தானே, எந்த ஊர், எந்தப் பக்கம், ஆரின்ர ஆள். இவள் விரலை வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் வானத்தில் போயிருக்கிறாள்.

இன்னொன்றும் அன்றைக்குச் சொன்னாள், ஒரு புதினமாக. அங்கே ஊருக்குள் போனால் கதவைத் தட்டக் கூடாதாம். மண் மதில், அதற்கு வெளியே எட்ட நின்று பேர் சொல்லிக் கூப்பிட வேண்டுமாம், நான் இன்னார் வந்திருக்கிறேன் என்று. உள்ளே பெண்களுக்குக் குரல் பிடிபடவேண்டும். பிடிபட்டால் திறப்பார்கள், இல்லாவிட்டால் பேசாமல் திரும்பிப் போய்விடவேண்டும். "நல்ல பழக்கம், என்னப்பா?" நான் ஓம் என்றேன். அதுதான் எங்கள் பழக்கமும் என்று சொல்ல வாய் வரவில்லை. வேலிக்குப் படலைதான் வாசல், படலைக்கு வெளியே நின்று சைக்கிள் மணியை ஒருதரம் அடித்து, அக்கோ, நான் குலம், என்று கூப்பிட்டால் உள்ளேயிருந்து ஆர் என்று வரும், வாடா என்று வரும். வீட்டுக் கதவு வரை வந்து குரல் கொடுக்காமல் தட்டுகிற ஆட்கள் எங்களுக்கு ஒரே ஒரு வகைதான். இந்தத் தெருவில் படலை இல்லை. வேலி இல்லை. பனியும் நடைபாதையும் நேரே கதவும். எல்லோரும் கதவடிக்கே வந்து தட்டுகிறார்கள்.

பச்சைக் கதவு. போய்விட்டாள். நான் பின்னால் காரை மெதுவாக உருட்டிக்கொண்டு வந்து நிறுத்துகிறேன், எஞ்சினை நிறுத்தவில்லை, திரும்பிப் போகிற நேரத்துக்கு வசதியாக. மணியை அழுத்துகிறாள். பின்னுக்கு வருகிறாள். கைகள். யன்னல் திரை ஒரு விரல் அகலம் அசைகிறது, எனக்குத் தெரிகிறது, அந்த விரல் அகலம் எனக்குத் தெரியும், மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நிற்கிற உடம்பு தெரியும். முன்னறையில் விளக்கு அணைகிறது. காணும், போதும், வா பிள்ளை. கோமளாவின் செத்தவீட்டுக்கு அக்கா வந்தா, என் கையைப் பிடித்தா, அந்தநேரம் பார்த்து மினி பட்டாள முகாமிலிருந்து நேரே வந்து இறங்கினாள், உடுப்பு மாற்ற நேரம் இல்லை, அக்கா அந்தச் சப்பாத்தைப் பார்த்தா, கையை விட்டுவிட்டுப் போனா. அன்றைக்கு அக்கோ என்று கூப்பிட என் தொண்டைக்குள் வந்தது, தொண்டைக்குள்ளேயே நின்றது. எனக்கு எப்போதும் அங்கேதான் நிற்கும். இன்றைக்கும் அவளுக்கு அந்த மாதிரிச் சப்பாத்துத்தான், கணுக்காலுக்கு மேலே கயிறு கட்டிய கறுப்பு, பனிக்கு இதுதான் நல்லது அப்பா என்பாள். காணும். வா. அவள் படியிறங்குகிறாள். வருகிறாள். இல்லை, காருக்கு வரவில்லை. நடைபாதை முடிந்து தெரு தொடங்குகிற இடத்தில், படலை இருந்தால் எங்கே இருக்குமோ சரியாக அந்த இடத்தில், நின்று திரும்புகிறாள்.

"மாமி!"

தெரு முழுக்கக் கேட்டது. எங்கோ ஒரு நாய் குரைத்தது. "மாமி, நான் மினி வந்திருக்கிறன்!" இந்தப் பிள்ளைக்கு ஊர் தெரியாது. படலை என்றால் படத்தில் கண்டதுதான். எங்களுடையதை நான் இவளுக்குக் கொடுக்கவேயில்லை, வேறெங்கோ ஒரு மண் மதிலுக்கு வெளியே பொறுக்கிக்கொண்டு வந்து எங்களுக்கே திருப்பித் தருகிறாள், எங்களுடையது என்று தெரியாமலே. எஞ்சினை நிறுத்தினேன். சத்தமே இல்லை. பிறகு கதவுக்குப் பின்னாலிருந்து, மெலிந்து, ஆனால் அதே குரல். "ஆரது?" "மினி. ஆமிக்குப் போன மினி." ஏன் அதைச் சொன்னாய், ஏன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. "தனியவோ நிக்கிறாய்?" மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். பாராளுமன்றத்துக்குப் போகிற பிள்ளை, சின்னதில் இருட்டறைக்குள் போகமுதல் பார்ப்பாளே, அந்தப் பார்வை. நான் தாள்கட்டோடு இறங்கினேன். கால் பனிக்குள் புதைந்தது. தொண்டைக்குள் அது வந்தது, நின்றது, நின்ற இடத்திலிருந்து அதைத் தள்ளினேன். "அக்கோ! நான் குலம். நானும் நிக்கிறன்!" என் குரல் எனக்கே தெரியவில்லை, ஆரோ பெரிய ஆள் கூப்பிட்ட மாதிரி இருந்தது. சங்கிலி விழுகிற சத்தம் கேட்டது.

நாங்கள் படியடிக்கு வந்தபோது கதவு திறந்திருந்தது, அக்கா மெலிந்துபோயிருந்தா. மினியின் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தா. மினியும் குனிந்து தன் காலைப் பார்த்தாள். அந்த ஈரப் படியிலேயே உட்கார்ந்து கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள். முடிச்சு உறைந்திருந்தது, சிவந்த விரல்களால் அதை இழுத்து இழுத்துத் தளர்த்தினாள். நான் வாசலில் நின்றேன். அக்காவால்தான் தாங்க முடியவில்லை. "பனிக்குள்ள இருந்து என்ன செய்யுறாய்? உள்ளுக்கு வந்து கழட்டு. டொக்டராம், அறிவில்லையே?" மினி நிமிரவில்லை. "இல்லை மாமி. இது வெளியில நிக்கட்டும்." இரண்டையும் கழற்றி, ஒன்றோடு ஒன்று ஒட்ட, முன்பக்கம் தெருவைப் பார்க்கும்படி திருப்பி வைத்தாள், வீட்டைப் பார்க்கும்படி அல்ல. காலுறையோடு எழும்பினாள். அக்கா அந்தச் சப்பாத்துகளையே பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மெல்ல ஒரு அடி பின்னுக்குப் போனா, மினி ஒரு அடி உள்ளே வைத்தாள், அக்கா இன்னும் ஒரு அடி பின்னுக்கு, மினி உள்ளே. நான் காணாமல் விட்டது இதுதான் என்று எனக்குப் பட்டது, தொழிற்சாலையில் பெட்டி மடித்துக்கொண்டிருந்த நேரத்தில் நடந்தது இதுதான். கையில் இருந்த தாள்கட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் படியில் நின்றேன்.

"குலம் தம்பி, நீ என்ன அங்க நிண்டு வாய் பார்க்கிறாய்? சூடெல்லாம் போகுது, வந்து கதவைச் சாத்து."

என் சப்பாத்தைக் கழற்றி அவளுடையதற்குப் பக்கத்தில் வைத்தேன். உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.